டர்பனில் ‘அப்புறம்’ என்றொரு வரிசை: மார்பகப் புற்றுநோய்க்குப் பிந்தைய மறுசீரமைப்பு யாருக்குக் கிடைக்கிறது?

மார்பகப் புற்றுநோய்க்காக ஒரு மார்பை எடுத்துவிட்ட பெண்ணுக்கு, அதைத் திரும்ப அமைக்கும் மறுசீரமைப்பு அறுவை சிகிச்சை கிடையாது என்று தென்னாப்பிரிக்காவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எந்த டாக்டரும் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்வதும் இல்லை. “முதலில் நோயைக் கவனிப்போம், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்பார்கள். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். உயிர் தப்பினால் போதும் என்று உட்கார்ந்திருப்பவரும் சரி என்று தலையாட்டிவிடுகிறார். கீமோ முடிந்து, ரேடியேஷன் முடிந்து, மாத்திரைகளோடு வீடு திரும்பிய பிறகுதான் அந்த ‘அப்புறம்’ யாருடைய கணக்கிலும் இல்லை என்று தெரியவருகிறது. அரசு ஆஸ்பத்திரியை நம்பியிருக்கும் பெண்களுக்கு மறுப்பு இப்படித்தான் வந்து சேர்கிறது, யாரும் மறுக்காமலே.

இதை டர்பன் தமிழர்களை வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1860-ல் தொடங்கி நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வாரிசுகள் இவர்கள். நிறவெறி ஆட்சி இவர்களை நகரின் ஓரத்தில் இருக்கும் சாட்ஸ்வொர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் தள்ளியது. இன்று நாட்டின் இரண்டு மருத்துவ உலகங்களிலும் காலை வைத்து நிற்கிறார்கள். மொத்த மக்களில் ‘மெடிக்கல் எய்ட்’ எனப்படும் தனியார் காப்பீடு உள்ளவர்கள் சுமார் 16 சதவீதம்தான். இந்திய வம்சாவளியினரில் அது பாதியை ஒட்டி வரும். ஒரே வீட்டில் அக்கா தனியார் ஆஸ்பத்திரிக்கும் தங்கை அரசு ஆஸ்பத்திரிக்கும் போவது இங்கே சாதாரணம். இந்தியப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோயும் மார்பகப் புற்றுநோய்தான்.

ஒரு உலகத்திலிருந்து மற்றதற்கு விழுவதும் எளிது. டர்பன் ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் மெஷினில் உட்கார்ந்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய இந்தியப் பெண்கள் ஏராளம். 1990-களில் இறக்குமதிக்குக் கதவு திறந்த பிறகு அந்த ஆலைகள் ஆட்களைக் குறைத்தன, பல மூடியே போயின. வேலையோடு சேர்ந்து மெடிக்கல் எய்டும் போனது.

சாட்ஸ்வொர்த்தில் எனக்குப் பழக்கமான ஒரு அக்கா அந்த மெஷின் காலத்து ஆள். இடது மார்பை எடுத்த பிறகு, தனக்கு வேண்டியதைத் தானே தைத்துக்கொண்டார். பிராவின் உள்பக்கம் மெல்லிய பருத்தியில் ஒரு பை. அதற்குள் இன்னொரு சின்னப் பை, அது நிறைய பறவைத் தீவனம். பஞ்சுக்குக் கனம் போதாது, நழுவி மேலே ஏறிவிடும். அரிசி உறுத்தும். தினை கலந்த தீவனம்தான் உடம்போடு நெளிந்து கொடுக்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு. சமையலறைத் தராசில் எடை போட்டு, கண்ணாடி முன் நின்று, இரண்டு தோளும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை ஒரு ஸ்பூன் கூட்டி ஒரு ஸ்பூன் குறைத்துச் சரி செய்திருக்கிறார். மழைக்காலத்தில் முளைவிட்டுவிடும் என்று அவரே கேலி பேசுவார்.

எடை விஷயம் வெறும் அலங்காரம் இல்லை. ஒரு பக்கம் மட்டும் கனம் இருந்தால் நாளடைவில் தோள் சாயும், கழுத்தும் முதுகும் வலிக்கும். ரீச் ஃபார் ரெகவரி என்ற தன்னார்வ அமைப்பு ‘டிட்டோ’ என்ற திட்டத்தின் மூலம் அரசு ஆஸ்பத்திரிப் பெண்களுக்குச் சிலிக்கான் செயற்கை மார்பு கொடுக்கிறது. பிராவுக்குள் வைத்துக்கொள்வது அது. உதவிக்கு நிற்கும் தன்னார்வலர்களும் இந்த நோயைக் கடந்து வந்த பெண்களே. நல்ல காரியம். ஆனால் அறுவை சிகிச்சை கிடைக்காத இடத்தை இது நிரப்பிவிட்டதாக அதிகாரிகள் நினைத்துக்கொள்ள ஆரம்பித்தால் அதுவும் ஆபத்துதான்.

சரி, அறுவை சிகிச்சை ஏன் கிடைப்பதில்லை? அலட்சியம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அது நியாயமாகாது. அரசு ஆஸ்பத்திரியில் பணமும் முதல் தடை இல்லை. வருமானத்தைப் பார்த்துத்தான் கட்டணம், முதியோர் உதவித்தொகை வாங்குகிறவருக்கு இலவசம். அங்கே பற்றாக்குறை நேரத்துக்குத்தான். அந்த முடிச்சு, நோயைக் கண்டுபிடிக்கும் நாளிலேயே விழுந்துவிடுகிறது.

தென்னாப்பிரிக்க அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மார்பகப் புற்றுநோயோடு வரும் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் வருகிறார்கள். சாட்ஸ்வொர்த்தில் இருப்பவர் முதலில் பக்கத்துக் கிளினிக், அங்கிருந்து 1969-ல் தொடங்கிய ஆர்.கே. கான் ஆஸ்பத்திரி, அங்கிருந்து கடற்கரையோரம் இருக்கும் அடிங்டன் அல்லது கேட்டோ மேனரில் இருக்கும் இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மத்திய ஆஸ்பத்திரி என்று படி ஏற வேண்டும். லுதுலி ஆஸ்பத்திரிக்கு நேராகப் போய் நிற்க முடியாது, பரிந்துரைக் கடிதம் வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு தேதி. அதற்குள் கட்டி சும்மா இருக்காது.

தாமதமாக வந்தால் என்ன ஆகும் என்பதைப் புரிந்துகொள்ள, மறுசீரமைப்பு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். பெரிய வழிகள் இரண்டு. ஒன்று சிலிக்கான் இம்ப்ளான்ட். பெரும்பாலும் முதலில் எக்ஸ்பாண்டர் என்ற காலிப் பையை உள்ளே வைத்து, வாரக்கணக்கில் ஊசி வழியாக உப்புநீர் ஏற்றித் தோலை விரியவிட்டு, பிறகு அதை எடுத்துவிட்டு இம்ப்ளான்ட்டைப் பொருத்துவார்கள். அறுவை சிகிச்சை குறுகியது. மற்ற வழி, சொந்த உடம்பிலிருந்தே எடுப்பது. முதுகுத் தசையைத் தோலோடு முன்பக்கம் திருப்பிக் கொண்டுவரலாம். அல்லது அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோடு வெட்டி எடுத்து, மார்பில் வைத்து, நூலிழை போன்ற குழாய்களை மைக்ராஸ்கோப் வைத்துத் தைக்கலாம். இந்தக் கடைசி முறைக்கு ஒரு ஆபரேஷன் தியேட்டரின் முழுப் பகலும் போய்விடும். அதற்குப் பிறகும் ஒட்டிய இடத்தில் ரத்தம் ஓடுகிறதா என்று நர்ஸ் ஒருவர் மணிக்கு மணி தொட்டுப் பார்த்தாக வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால் நடுராத்திரியில்கூட மறுபடி தியேட்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

முற்றிய கட்டிக்கு ரேடியேஷன் பெரும்பாலும் தவிர்க்க முடியாது. ரேடியேஷன் பட்ட தோல் இறுகிவிடும். உள்ளே இம்ப்ளான்ட் இருந்தால் அதைச் சுற்றியுள்ள திசு சுருங்கி, கல் மாதிரி ஆகி, வலிக்கவும் செய்யலாம். அதனால் இப்படிப்பட்டவர்களுக்குக் கதிர்வீச்சு முடிந்து தோல் ஆறியபின், சொந்தத் திசுவை வைத்துச் செய்வதையே பல சர்ஜன்கள் விரும்புகிறார்கள். இப்போது கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். தாமதமாக வந்தவர் ஏழை, அவருக்கு ரேடியேஷன் வேண்டும், அதனால் அவருக்குத் தேவைப்படுவது இருப்பதிலேயே நீளமான அறுவை சிகிச்சை. அதைச் செய்ய வேண்டியதோ தியேட்டர் நேரம் இருப்பதிலேயே குறைவான இடம். சீக்கிரம் கண்டுபிடிக்க வசதி இருந்தவருக்குச் சின்ன அறுவை சிகிச்சையே போதும், அதைச் செய்ய ஆளும் தயார். இதில் யாரும் திட்டமிட்டு அநியாயம் செய்யவில்லை. ஆனாலும் அநியாயம் நடந்துவிடுகிறது.

ரேடியேஷன் வரிசையே தனிக் கதை. 2017 ஜூனில் தென்னாப்பிரிக்க மனித உரிமை ஆணையம், டர்பன் இருக்கும் குவாசூலு-நேட்டால் மாகாணத்தின் புற்றுநோய்ச் சேவையைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அடிங்டனிலும் லுதுலியிலும் ரேடியேஷன் இயந்திரங்கள் பழுதாகிக் கிடந்தன, புற்றுநோய் நிபுணர்கள் போதவில்லை, நோயாளிகள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். இது நோயாளிகளின் சுகாதார உரிமையை மீறிய செயல் என்றே ஆணையம் சொன்னது. ரேடியேஷனுக்கே ஆள் இல்லாத இடத்தில், அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கும். 2020-ல் கொரோனா வந்து, அவசரமில்லாத அறுவை சிகிச்சைகள் நிறுத்தப்பட்டபோது மறுசீரமைப்புக்கான வரிசை இன்னும் நீண்டது.

பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவு என்றதும் அழகு நிலையத்துக்குப் பக்கத்து அறை என்று நினைப்பவர்கள் ஒருமுறை டர்பன் அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் எட்டிப் பார்க்கலாம். பாரஃபின் அடுப்பு கவிழ்ந்து வெந்தவர்கள், குடிசைப் பகுதித் தீயில் சிக்கிய குழந்தைகள், ரோட்டில் அடிபட்டவர்கள், கத்திக்குத்து. அவசரம் இல்லாதது எல்லாம் ‘எலெக்டிவ்’. மார்பக மறுசீரமைப்பு அந்தப் பட்டியலில்தான் நிற்கிறது. காலையில் பெயர் எழுதியிருப்பார்கள், இரவு ஒரு தீ விபத்து நடந்திருந்தால் பெயர் அழிந்துவிடும். இதில் சர்ஜனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பட்டியலைப் போட்ட கைக்குத் தியேட்டரைப் பெருக்கும் அதிகாரம் இல்லை.

இந்த மாதிரிப் பங்கீட்டைப் பற்றித் தென்னாப்பிரிக்காவின் அரசியல் சாசன நீதிமன்றம் சொன்ன முதல் பெரிய தீர்ப்பு, டர்பன்காரர் ஒருவரின் வழக்கில்தான் வந்தது. பெயர் தியாகராஜ் சுப்ரமணி. சர்க்கரை நோய், இதய நோய், இரண்டு சிறுநீரகமும் பழுது. தனியார் டயாலிசிஸில் கைக்காசு கரைந்த பிறகு அடிங்டனுக்குப் போனார். இயந்திரங்கள் குறைவு, மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியானவர்களுக்கே முன்னுரிமை என்று அவரைச் சேர்க்கவில்லை. சாசனத்தின் 27-ஆவது பிரிவு எல்லோருக்கும் சுகாதார உரிமை தருகிறது, அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது. 1997 நவம்பர் 27 அன்று நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. நாள்பட்ட நோய்க்கான டயாலிசிஸ் ‘அவசரம்’ ஆகாது, மற்றபடி அந்த உரிமை அரசின் கையிருப்புக்கு உட்பட்டது என்றது. சில நாட்களில் அவர் இறந்துபோனார்.

உயிர் காக்கும் டயாலிசிஸுக்கே இதுதான் பதில் என்றால், மார்பு வேண்டும் என்று ஒரு பெண் கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கப் பெரிய வக்கீல் தேவையில்லை. ஆனால் அந்தத் தீர்ப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பங்கிடுகிறவர்கள் நியாயமான விதியை வைத்து, நல்லெண்ணத்தோடு பங்கிட்டிருக்கிறார்களா என்று நீதிமன்றம் பார்த்தது. சுப்ரமணி விஷயத்தில் எழுதி வைத்த விதி ஒன்று இருந்தது. யார் உள்ளே, யார் வெளியே, ஏன் என்பது காகிதத்தில் இருந்தது. வாய்வார்த்தையாகச் சொல்லப்படும் ‘அப்புறம்’ எந்த விதியின் கீழும் வராது. 2017-ல் தேசிய சுகாதாரத் துறை மார்பகப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. ஆனால் சாட்ஸ்வொர்த் பெண் கையில் வைத்துக்கொண்டு கேட்கக்கூடிய ஒரு தேதியாக அது இன்னும் மாறவில்லை.

மெடிக்கல் எய்ட் இருப்பவர்கள் கதை வேறு. 1998-ஆம் ஆண்டின் மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டம், குறைந்தபட்சக் கட்டாயப் பலன்கள் என்று ஒரு பட்டியலை வைத்திருக்கிறது. குணப்படுத்தக்கூடிய கட்டியாக இருந்தால் மார்பகப் புற்றுநோய் அதில் அடங்கும். தோராயமாகச் சொன்னால், வேறு உறுப்புக்குப் பரவாமல் இருக்க வேண்டும், அல்லது ஐந்தாண்டு உயிர்வாழும் வாய்ப்பு 10 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். பட்டியலில் அடங்கியதை ‘ஸ்கீம்’, அதாவது மெடிக்கல் எய்டை நடத்தும் அமைப்பு, தன்னோடு ஒப்பந்தம் போட்ட டாக்டரிடம் முழுச் செலவும் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

எடுத்த மார்பைத் திரும்ப அமைப்பதை ஸ்கீம்கள் பொதுவாக ஏற்றுக்கொள்ளும். தகராறு வருவது அடுத்த மார்பில். ஐம்பது வயதில் புதிதாக அமைத்த மார்பு ஒரு மாதிரி இருக்கும், பழையது வேறு மாதிரி இருக்கும். இரண்டையும் சமப்படுத்த நல்ல மார்பைக் கொஞ்சம் தூக்கித் தைக்க வேண்டும். “அதில் நோய் இல்லையே, அது அழகுக்கு” என்று கடிதம் வரும். அமெரிக்காவில் அதே 1998-ல் வந்த ஒரு சட்டம், மார்பு நீக்கத்துக்குப் பணம் கொடுக்கும் காப்பீடு மறுசீரமைப்புக்கும், அடுத்த மார்பைச் சமப்படுத்துவதற்கும், செயற்கை மார்புக்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுதி வைத்துவிட்டது. ஒரே வருடத்தில் இரண்டு நாடுகள் சட்டம் போட்டன. ஒன்று நோயின் பெயரை எழுதியது, மற்றது செய்ய வேண்டிய வேலையை எழுதியது. எது பெண்ணுக்கு உபயோகம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு சின்ன விஷயம், பலரைக் கவிழ்ப்பது. பில்லில் ஒரு குறியீடு இருக்கும். மார்பகப் புற்றுநோய்க்கு சி50. மார்பு நீக்கப்பட்ட நிலைக்கு இசட்90.1. மார்புப் பிளாஸ்டிக் சர்ஜரித் தொடர் சிகிச்சைக்கு இசட்42.1. ஸ்கீமின் கம்ப்யூட்டர் முதலில் பார்ப்பது இதைத்தான். புற்றுநோய்க்குத் தொடர்பில்லாத பிளாஸ்டிக் சர்ஜரி என்று அது நினைத்துவிட்டால் கோரிக்கை திரும்பி வந்துவிடும். டாக்டரின் ரிசப்ஷனில் பேசி, புற்றுநோயின் தொடர்ச்சி என்பது தெரியும்படி எழுதித் திரும்ப அனுப்பச் சொல்லலாம். அப்படியும் மறுத்தால் மெடிக்கல் ஸ்கீம்ஸ் கவுன்சிலுக்குப் புகார் கொடுக்கலாம், ஸ்கீம் 30 நாளில் பதில் எழுத வேண்டும். நம் ஆட்களில் பலர் முதல் கடிதத்தோடு விட்டுவிடுகிறார்கள். கவர்மென்ட் முத்திரை மாதிரி ஏதோ ஒன்று அச்சடித்திருந்தால் போதும், எதிர்த்துக் கேட்பதே மரியாதை இல்லை என்று நமக்கு ஒரு நினைப்பு.

வீட்டுக்குள்ளும் ஒரு வரிசை உண்டு. “இந்த வயசுல எதுக்கு?” என்பது மகன் கேட்பது. கணவர் ஒன்றும் கேட்பதில்லை, அது இன்னும் மோசம். கல்யாண வயதில் பெண் இருந்தால் நோயே வெளியே தெரியக் கூடாது என்று அடிங்டனுக்குப் போவதைக்கூட வேறு ஏதோ சொல்லி மறைக்கிறார்கள். மாரியம்மன் கோயில் கூழ் ஊற்றும் நாளில் எல்லோரோடும் நின்று வேலை செய்ய வேண்டும், குனிந்தால் ரவிக்கை ஒரு பக்கம் தொங்கும் என்று போகாமலே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்களிடம் மறுசீரமைப்பு ஆடம்பரம் என்று சொல்கிறவருக்கு, ஒரு பண்டிகையைத் தவறவிடுவது என்றால் என்ன என்று தெரிந்திருக்காது.

அதே சமயம், எல்லோருக்கும் இது வேண்டும் என்பதும் இல்லை. பிரிட்டனில், இலவச அரசு மருத்துவம் உள்ள இங்கிலாந்தில், 2008-09-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் மார்பு நீக்கப்பட்டவர்களில் 21 சதவீதத்தினருக்குத்தான் அதே அறுவை சிகிச்சையில் மறுசீரமைப்பும் நடந்தது. சிலருக்கு உடல்நிலை இடம் தராது. சிலருக்கு இன்னொரு தடவை கத்தி வேண்டாம். தட்டையாக, ஓரங்களில் மடிப்பு தொங்காமல் நேர்த்தியாகத் தைத்து முடிப்பதும் ஒரு நல்ல தேர்வுதான், அதையும் முன்கூட்டியே கேட்டுச் சொல்ல வேண்டும். இம்ப்ளான்ட் ஆயுளுக்கும் உத்தரவாதம் அல்ல. 2019-ல் அலர்கன் நிறுவனம் சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட இம்ப்ளான்ட்டுகளை, லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயின் அரிய வகை ஒன்றோடு தொடர்பு இருந்ததால், உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. வேண்டாம் என்று சொல்லும் உரிமைக்கு மதிப்பு வர, முதலில் யாராவது வேண்டுமா என்று கேட்டிருக்க வேண்டும்.

டர்பன் இந்தியர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு தலைவலி, சர்க்கரை. இந்தச் சமூகத்தில் நீரிழிவு அதிகம் என்பது பழைய செய்தி. சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் தையல் ஆறாது, கிருமி தொற்றும், ஒட்டிய திசு கறுத்துப்போகும் ஆபத்து கூடும். மூன்று மாத சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைப் பார்த்துவிட்டு சர்ஜன் தேதியைத் தள்ளிவைத்தால் அது சாக்கு அல்ல. இங்கேயாவது கொஞ்சம் நம் கையில் இருக்கிறது. கீமோ நடக்கும் மாதங்களிலேயே சர்க்கரையைக் கவனித்து வந்தால், தேதி கிடைக்கும்போது அதை இழக்காமல் இருக்கலாம். சிகரெட்டுக்கும் இதே கதைதான்.

நிலைமை மாறுவதற்கு எனக்குத் தெரிந்து மிக நடைமுறையான வழி, மார்பகத்தை அகற்றும் சர்ஜனுக்கே மறுசீரமைப்பின் எளிய முறைகளைப் பழக்குவது. ஆன்கோபிளாஸ்டிக் என்பார்கள். கட்டியை எடுக்கும்போதே மீதித் திசுவை நகர்த்தி வடிவம் கொடுப்பது, முதுகுத் தசையைத் திருப்பிப் போடுவது, எக்ஸ்பாண்டர் வைப்பது. இவற்றுக்குத் தனியாகப் பிளாஸ்டிக் பிரிவின் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஜோகன்னஸ்பர்க் ஹெலன் ஜோசப் என்ற அரசு ஆஸ்பத்திரியின் மார்பக கிளினிக் இந்த வழியில் போகிறது. 2024 மே 15 அன்று ஜனாதிபதி ரமபோசா கையெழுத்திட்ட தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தைப் பலர் பெரிய நம்பிக்கையோடு பார்க்கிறார்கள், பலர் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். எந்தெந்த சிகிச்சை உள்ளே என்பது அந்தச் சட்டத்திலேயே இல்லை. அதை ஆலோசனைக் குழு ஒன்று வகுக்கும். அந்தப் பட்டியலில் ‘மார்பகப் புற்றுநோய்’ என்று மட்டும் எழுதினால் 1998-ன் தகராறே திரும்ப வரும்.

அதுவரை கேட்க வேண்டிய நேரம் ஒன்றே ஒன்றுதான், மார்பை எடுப்பதற்கு முன் சர்ஜனைச் சந்திக்கும் அந்த நாள். எனக்கு ரேடியேஷன் வருமா? தோலை எவ்வளவு விட்டுவைப்பீர்கள்? இப்போதே செய்ய முடியாதென்றால் யாரிடம் அனுப்புவீர்கள்? பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவுக்குப் பரிந்துரைத்ததாக என் ஃபைலில் எழுதுவீர்களா? கேட்பதற்குத் தயக்கமாக இருந்தால் வாய் உள்ள ஒரு மருமகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். எழுதிக் கொடுத்த கடிதத்தை அங்கேயே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபைல்கள் காணாமல் போகும் ஊர் இது. அடுத்த செக்கப்பில் புது டாக்டர் உட்கார்ந்திருப்பார், அவரிடம் அந்தப் படத்தைக் காட்டித்தான் மறுபடி பேச்சை ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.